திருமலைக் கடலில் தோயப் போனோம்

இலங்கையின் கீழ்க்கரையில், வங்கக் கடல் நிலத்தினுள் வெகுதூரம் புகுந்து, மலைகளுக்கும் காடுகளுக்கும் நடுவே அமைதி பெற்றுக் கிடக்கும் இடமே திருக்கோணமலைத் துறைமுகம். தெற்கே மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா. அதற்கு அப்பால், பெருங்கப்பல்களும் அச்சமின்றி வந்து தங்கத்தக்க ஆழம் வாய்ந்த உள்துறைமுகம். கிழக்கே கடலை நோக்கி நீண்டு நிற்கும் கோட்டை மலை. அம்மலையின் நுனியிலே கோணேசப் பெருமான் கோயில் கொண்டிருக்கிறார். மலைக்குத் தெற்கே இருப்பது டச்சுக்குடா. வடக்கே இருப்பது பின்குடா. பட்டினம் இவ்விரு குடாக்களுக்கும் உள்துறைமுகத்துக்கும் இடையில் ஒடுங்கி நிற்கிறது. எத்தெருவில் நடந்தாலும் சிறிது நேரத்தில் கடலின் முகத்தைக் கண்டுவிடலாம்.

இத்துறைமுகத்தின்மேல் ஆசை கொள்ளாத கடலரசுகள் இல்லை. போர்த்துக்கேயர் 1620களில் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். இடையிடையே பிரெஞ்சுக்காரரும் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. ஆங்கிலக் கடற்படை இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது 1957இல். இன்று கோட்டை வாயிலால் மலையேறுவோரை முதலில் எதிர்கொள்பவை பீரங்கிகள் அல்ல. புல் மேய்ந்து கொண்டு நிற்கும் புள்ளிமான்களே.

இடிக்கப்பட்ட கோயிலின் எச்சங்களைக் கடல் தன் மடியில் வைத்துக் காத்தது. 1956ஆம் ஆண்டில் ஆர்தர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் அவர் தோழர் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடி, தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். 1950இல் மண்ணைத் தோண்டியபோது பழைய திருவுருவங்கள் சில வெளிப்பட்டிருந்தன. புதுக்கிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. விண்வெளியில் மனிதர் உணரும் எடையின்மையைக் கடலுக்கடியில் ஓரளவு நுகரலாம் என்பதே கிளார்க்கைச் சுழியோடத் தூண்டிய காரணம். நீருக்குள் இறங்கியவனுக்குத் தன் உடல் ஒரு பாரமாகத் தோன்றுவதில்லை. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்குமாறு வாசகரை வேண்டுகிறேன்.

கீழ்க்கரையில் கடல் தோய விரும்புவோர் காலமறிந்து வரவேண்டும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை இக்கடல் சீறிக் கொண்டிருக்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை, டச்சுக்குடாவிலும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அது குளம்போல் அடங்கிக் கிடக்கும். ஆடி மாதம் இக்காலத்தின் நடுப்பகுதி. சென்ற ஆடியிலே நானும் என் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகப் பஸ் வண்டியில் திருமலைக்குச் சென்றோம். பிரயாணத்தின் நோக்கம் உல்லாசம் அன்று. என் தமக்கையின் கணவர், துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், அதற்கு முந்திய மார்கழியில் காலமாகியிருந்தார். அவருக்குரிய முதலாவது ஆடி அமாவாசை அது. தந்தையை இழந்த மைந்தர் அன்று நோன்பிருந்து, தீர்த்தமாடி, எள்ளும் நீரும் இறைத்துப் பிதிர்க்கடன் தீர்ப்பது நம்மவர் வழமை. கீரிமலையிலும் மட்டக்களப்பு மாமாங்கத்திலும் அன்று கூடும் சனத்திரளை அறியாதவர் யார்?

அத்தானுக்குப் பிள்ளை ஒருவரே. இருபத்தாறு வயது, கொழும்பில் உத்தியோகம். பெயரை இங்கே எழுதவில்லை; மருமகன் என்றே குறிப்பிடுகிறேன். அவர் பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள். பன்னிரண்டாம் வயதில் பூப்புனித நீராட்டு விழாவும் நடந்தது. தாய்மாமன் என்ற உரிமையில் முதற்குடம் நீர் வார்த்தவன் நான். தகப்பனாரோடு டச்சுக்குடாவில் மீன்குஞ்சு போல நீந்திப் பழகிய பிள்ளை, அந்த நீராட்டுக்குப் பின்னர் கடலில் இறங்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் கட்டும் குறுக்குக்கட்டைக் கட்டிக்கொண்டு தோயச் சொன்னால், குளியலறைக் கதவைப் பூட்டிக் கொள்வார். தாம் ஆண் என்பதை அவர் தெளிவாகச் சொல்லியபோது வயது பத்தொன்பது. இலங்கையில் 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு விடுத்த சுற்றறிக்கையின்படி, மனநல வைத்திய நிபுணர் வழங்கும் பால்நிலைச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவில் பெயரையும் பாலையும் திருத்திக் கொள்ளலாம். அத்தானே உடன் சென்று அலுவலகப் படிகள் ஏறி இறங்கி அக்காரியத்தை முடித்து வைத்தார். தமிழகத்தில் வழங்கத் தொடங்கி இப்போது இங்கும் பரவியுள்ள “திருநம்பி” என்னும் சொல்லை அவர் வாயால்தான் நான் முதலிற் கேட்டேன்.

“நீந்தத் தெரிந்த பிள்ளை நீந்தாமல் இருக்கிறது” என்பதே அத்தானுக்குக் கடைசிவரை இருந்த குறை. மாலையில் டச்சுக்குடா மணலில் இருந்து கொண்டு அதைச் சொல்வாராம்.

அமாவாசைக்கு மூன்று நாள் முன்னதாக மருமகன் என்னிடம் வந்தார். “மாமா, அப்பாவுக்குத் தீர்த்தமாட வேண்டியவன் நான்தான். ஆனால் எதை உடுத்திக்கொண்டு இறங்குவது?” என்று கேட்டார்.

கேள்வி சிறிதுபோல் தோன்றலாம். நம் கோயில்களிலும் தீர்த்தக்கரைகளிலும் ஆண்கள் மேலுடம்பைத் திறந்து நிற்பதே முறை. நல்லூரில் சட்டையோடு உள்ளே போக முடியாது. மருமகனோ மார்புச் சத்திரசிகிச்சை செய்து கொண்டவர் அல்லர். நாள்தோறும் உள்ளே ஓர் இறுக்கமான கச்சு அணிந்து, மேலே சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். அக்கச்சைப் “பைண்டர்” என்கிறார்கள். அதை அணிந்து நீந்தலாமா என்பதே எங்கள் முதல் ஆராய்ச்சி.

நீந்தலாகாது என்பதே விடை. பைண்டர் விலாவைச் சுற்றி அழுத்துவது. நிலத்தில் அணிவதாயினும் எட்டு மணி நேரத்துக்கு மேற்படாமல் கழற்றிவிட வேண்டும், அதனோடு உறங்கலாகாது என்பது அறிந்தவர் கூறும் நியதி. நீந்துபவனுக்கோ ஆழ்ந்த மூச்சு வேண்டும். நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்க இடம் வேண்டும். நனைந்த இறுக்கத்துணி மூச்சைத் தடுத்தால், அலைக்கு நடுவே கழற்றவும் முடியாது. கட்டுத்துணியைச் சுற்றிக் கட்டுவதும், பொதி ஒட்டும் நாடாவை உடம்பில் ஒட்டுவதும் இதனினும் கேடானவை. அவை விலாவையும் தோலையும் புண்படுத்தும்.

இனி என்ன செய்வது? மேல்நாடுகளில் திருநம்பியருக்கென்றே நீச்சற் கச்சுகள் தைத்து விற்கிறார்கள். நீச்சலுடைக்குரிய நைலோன் துணியில், வழக்கமான கச்சினும் தளர்வாக அவை அமைந்திருக்கும். மூன்று நாளில் அதைத் தருவிக்க வழியில்லை. ஆயினும் திருமலையில் வேறொரு வசதி உண்டு. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு, 2003இல் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பவளப் பாறைகளையும் சுறாக்குட்டிகளையும் பார்க்க முகமூடியணிந்து நீந்துவோர், ஆணாயினும் பெண்ணாயினும், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் எட்டும் கைகளுடைய ஒருவகை நீச்சல் மேற்சட்டையை அணிகிறார்கள். “ராஷ் கார்ட்” என்பது அதன் பெயர். அலைச்சறுக்குவோரின் தோலைப் பலகை உரசாமலும் வெயில் சுடாமலும் காப்பதற்கு ஏற்பட்ட உடை அது. ஆகவே இக்கரையில் மேற்சட்டையோடு நீந்தும் ஆண்மகனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நானும் மனைவியும் மருமகனுமாகக் கடைக்குச் சென்றோம். துணி பார்ப்பதில் என் மனைவி கைதேர்ந்தவள். அவள் வகுத்த விதிகளை இங்கே எழுதுவது பலருக்குப் பயன்படும்.

முதலாவது, பருத்தி வேண்டாம். பருத்தி நீரைக் குடித்துப் பாரமாகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உருவத்தை மறைப்பதற்கு மாறாக வரைந்து காட்டும். நைலோன், பொலியெஸ்டர் துணிகள் விரைவில் உலரும். இரண்டாவது, வெள்ளையும் வெளிர்நிறமும் வேண்டாம். கருநீலமோ கறுப்போ நல்லது. பரந்த கோடுகளோ இலையுருவங்களோ உள்ள துணி இன்னும் நல்லது, கண் உருவத்தில் நிலைக்காது. மூன்றாவது, சட்டை உடம்பைப் பிடிப்பதாய் இருத்தல் ஆகாது. ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். உள்ளே விளையாட்டு வீராங்கனையர் அணியும் அரைக்கச்சுப் போன்ற ஒன்று, அழுத்தாமல் தாங்கும் அளவில், போதுமானது. நான்காவது, காற்சட்டை முழங்கால் வரை நீண்டு, உள்ளே மெல்லிய உட்துணி தைத்து, இடுப்பில் முடிச்சுக் கயிறு உடையதாக இருக்கட்டும்; அலை இழுத்தாலும் நழுவாது. மாதவிலக்கு நாள்களில் நீந்த நேரும் திருநம்பியருக்கும் உட்துணியுள்ள கருநிறக் காற்சட்டையே மனச்சாந்தி தருவது.

அடுத்து, பரீட்சை. கடைக் கண்ணாடிக்கு முன் நின்று பார்த்தால் போதாது. இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். குனிந்து கால்விரலைத் தொட வேண்டும். பத்து முறை நெஞ்சு நிறைய மூச்செடுத்து விட வேண்டும். எங்கேனும் இறுக்கினால் அந்த உடை ஆகாது. வீட்டுக்கு வந்தபின் அதை உடுத்து, வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றி, முற்றத்து வெயிலில் நின்று நம்பிக்கையான ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். உலர்ந்த துணி ஒன்று சொல்லும். நனைந்த துணி வேறொன்று சொல்லும். மருமகன் வாங்கிய முதற் சட்டை இந்த வாளிப் பரீட்சையில் தோற்றது. மறுநாள் கொடுத்து மாற்றினோம். இரண்டாவது தேறியது.

உடை மாற்றும் இடம்பற்றி அவர் கவலைப்பட்டார். கரையில் உள்ள அறைகள் ஆண்களுக்கும் பெண்களுக்குமாகப் பிரிந்தவை. எதனுள்ளும் பலர் ஒன்றாக நிற்பார்கள். இதற்கு நம் நாட்டுச் சாரம் இருக்கிறதே! கழுத்தளவில் பற்றிய சாரத்தினுள் நின்று, ஊரறிய உடைமாற்றும் வித்தையை நம் ஆடவர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். போகும்போது நீச்சலுடையை உள்ளே அணிந்து போவது, வரும்போது சாரத்தினுள் மாற்றுவது என்று தீர்மானமாயிற்று.

அமாவாசையன்று விடியற்காலையில் டச்சுக்குடாவுக்குச் சென்றோம். கரையெங்கும் தந்தையரை இழந்தோர். மருமகன் கருநீல மேற்சட்டையும் காற்சட்டையும் அணிந்து, அதன்மேல் வேட்டி கட்டி, சால்வையை மார்பின் குறுக்கே இட்டிருந்தார். எங்களுக்கு அருகே நின்ற முதியவர் ஒருவர், “தம்பி, சட்டையைக் கழற்றிப்போட்டுத் தோயும்” என்றார். நான் வாய் திறக்குமுன் மருமகனே, “இல்லை ஐயா, இதுதான் நான் தோய்கிற உடுப்பு” என்றார். முதியவர் ஒரு கணம் பார்த்தார். “சரி, தோயும். அலை இன்றைக்குச் சாந்தம்” என்று சொல்லிவிட்டுத் தம் கருமத்தைப் பார்த்தார்.

குருக்கள் தர்ப்பையை எடுத்துக்கொண்டு, “தகப்பனாருக்கோ? கடன் செய்வது யார்?” என்று கேட்டார். “மகன்” என்றார் மருமகன். குருக்கள் சங்கற்பத்தைச் சொல்லத் தொடங்கினார். என் தமக்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எள்ளும் நீரும் இறைத்து மும்முறை மூழ்கியபின், மருமகன் வேட்டியையும் சால்வையையும் என் கையில் தந்துவிட்டு மீண்டும் கடலில் இறங்கினார். இடுப்பளவு, மார்பளவு, பின்னர் ஆழம். பதினான்கு ஆண்டுகள் நீந்தாத கைகள் முதலில் தடுமாறின, பின்பு வழிகண்டன. கோட்டை மலையின் நிழல் விழும் இடம்வரை போய், மல்லாந்து மிதந்தார். அன்று பகல் வீட்டில் காத்தோட்டிக்காய்க் கறியோடு படையல் நடந்தது. அவர் மூன்று முறை சோறு வாங்கி உண்டார். நீந்தியவன் பசி அது.

ஆண்கள் மேலுடம்பை மறைத்துத் தோய்வதில் புதுமை ஒன்றுமில்லை. இன்று உலகமெங்கும் வெறுமார்போடு நீந்தும் மேல்நாட்டு ஆடவர், 1930கள் வரை தோள்முதல் தொடைவரை மூடிய உடை அணிந்தே கடலில் இறங்கினர். அமெரிக்கக் கடற்கரைகள் சிலவற்றில் அக்காலத்தில் மார்பு திறந்த ஆண்களுக்குத் தண்டம் விதித்தார்கள். உடைபற்றிய முறைமைகள் கடற்கரை மணல் போன்றவை. ஒவ்வோர் அலைக்கும் இடம் மாறுகின்றன.

திருநம்பியர் அனைவருக்கும் இதே உடைதான் உகந்தது என்பதும் இல்லை. ஷைலர் பெய்லர் என்னும் அமெரிக்க இளைஞர், முதலில் பெண்கள் நீச்சற் குழுவுக்கெனத் தெரிவு செய்யப்பட்டு, பின்னர் 2015 முதல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் குழுவில் நீந்தினார். சத்திரசிகிச்சையின் தழும்புகள் தெரிய, ஏனைய வீரர்களைப் போலவே சிறிய நீச்சற் காற்சட்டை மட்டும் அணிந்து அவர் நீரில் பாய்ந்தார். அவருக்கு அது சௌகரியம். அத்தகைய சிகிச்சை செய்துகொண்டோர், புண் முற்றும் ஆறி வைத்தியர் அனுமதிக்கும்வரை கடலிலோ குளத்திலோ இறங்கலாகாது. அதன் பின்னரும் ஏறத்தாழ ஓராண்டு காலம் தழும்பில் வெயில் படாமல் காக்க வேண்டும். ஆகவே அவர்களுக்கும் சிலகாலம் இந்த மேற்சட்டையே துணை.

துறைமுகம் பற்றிப் பேசும்போது மைக்கல் டிலன் நினைவுக்கு வருகிறார். 1915இல் பெண்ணாகப் பதியப்பட்ட அவர், ஒக்ஸ்போர்டில் படகு வலித்தவர். 1940களில் சத்திரசிகிச்சைகள் செய்துகொண்டு ஆணாக வாழ்ந்தார்; வைத்தியராகி, வணிகக் கப்பல்களில் தொழில் பார்த்தார். 1958இல் பத்திரிகைகள் அவர் கதையை ஊரறியச் செய்தன. கப்பலை விட்டு இந்தியாவுக்கு வந்து, பௌத்தத் துறவு பூண்டு, 1962இல் டல்ஹவுசியில் தம் நாற்பத்தேழாம் வயதில் இறந்தார். ஒருவருடைய உடலின் கதையைச் சொல்லும் உரிமை அவருக்கே உரியது என்பதை அன்றைய பத்திரிகைகள் அறியவில்லை. கரையில் சட்டையோடு தோயும் இளைஞனிடம் காரணம் கேளாதிருத்தல் நாம் காட்டக்கூடிய மிகச் சிறிய பண்பு.

பிள்ளையை எவ்வாறு அழைப்பது என்று மயங்கும் பெற்றோர்க்குத் தமிழாசிரியன் ஒருவன் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதற்கு விதி கூறுகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொள்க என்பது அதன் கருத்து. அஃறிணை போல வழங்குதலும் உண்டு என்று அந்நூல் வேறொரு வாயிலையும் காட்டுகிறது. அவ்வாயிலால் நாம் போகவேண்டிய அவசியம் இல்லை. மனம் விரும்பிய பாலே சொல்லுக்கு உரிய பால் என்பதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இலக்கணம் ஏற்றுக்கொண்டது.

வரும் சித்திரைக்குப் பின் திருமலை செல்வோர், காலையிலேயே கடலில் இறங்குக, தனியே நீந்தற்க, ஊரவரைக் கேட்டு நீரோட்டம் அறிக. தோய்ந்தபின் நல்ல தண்ணீரில் உப்புப் போக உடம்பையும் உடையையும் அலசி, நனைந்த இறுக்கத் துணியை உடனே மாற்றுக. அன்றேல் தோல் புண்படும். உங்கள் வீட்டிலும் கடலைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், அதற்குப் பொருந்தும் உடையைத் தேடிக் கொடுத்து, முதலில் வாளித் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள்.